பிகாசாவில் இருக்கிற 2.4 லட்சம் படங்களை வேறு மென்பொருளுக்கு மாற்றணும், டிஸ்க் வாங்கியாச்சு, ஆனால் பேரெல்லாம் போய்விடுமோ?

தக்கலை ஸ்டூடியோ பையன்:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலையில் அப்பாவுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. 2004-ல் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு வந்த நாளிலிருந்து எடுத்த படமெல்லாம் ஒரே டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. விண்டோஸ் 7, உள்ளே 2 டிபி டிஸ்க். மொத்தம் 1.3 டிபி, 2 லட்சத்து 40 ஆயிரம் சொச்சம் கோப்புகள். கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, பீரப்பா தர்கா ஆண்டுவிழா, நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாமி போகிற ஊர்வலம் என்று வருஷாவருஷம் ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறார். எல்லாம் பிகாசா என்கிற படம் அடுக்கித் தேடுகிற மென்பொருளில். கூகுள் அதை 2016 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது என்று அப்போதே சொன்னேன், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். இப்போது டெஸ்க்டாப் எழுந்திருக்கவே பத்து நிமிஷம் எடுக்கிறது, நடுநடுவே டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வேறு. பயந்துபோய் விண்டோஸ் 11-ல் புதுக் கம்ப்யூட்டரும் 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றும் வாங்கிவிட்டேன்.

மாற்றப்போவது டிஜிகேமுக்கு. காசு கிடையாது, நல்லா இருக்கிறது என்று சொன்னார்கள். சோதனைக்கு 2013 கல்யாண ஃபோல்டர் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தேன். படம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் முகத்துக்குப் போட்ட பேர் ஒன்றுகூட இல்லை. நட்சத்திரம் போட்டு வைத்தது இல்லை. அப்பா வெட்டிச் சரிபண்ணின படங்கள் எல்லாம் பழையபடி கோணலாகவே நிற்கின்றன.

பேர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். ஊரில் யாராவது தவறிவிட்டால் ராத்திரி 11 மணிக்குக்கூட வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு நல்ல படம் வேணும் என்று. பல பேருக்குத் தனியாக எடுத்த படம் ஒன்றுமே இருக்காது, இருந்தாலும் ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி. அப்பா பிகாசாவில் பேரை அடிப்பார், பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற படம் வந்து நிற்கும். அதிலிருந்து முகத்தை எடுத்துப் போஸ்டருக்குக் கொடுப்பார். இப்படி மூவாயிரம் பேருக்கு மேல் பேர் போட்டிருக்கிறார். அது போனால் படம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொரு சங்கதி. அக்கா 2016-ல் அவளுடைய மேக்கில் கொஞ்சம் பழைய ஃபோல்டர்களை ஊர்வாரியாக அடுக்கி, தமிழில் பேர் வைத்து, ஜிப் பண்ணி அனுப்பினாள். அதில் சில ஃபோல்டர் பேரைத் தேடினால் வருவதில்லை, கண் முன்னால் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. அது என்ன மாயம் என்றும் யாராவது சொல்லுங்கள்.

கேமரா கிறுக்கன், மார்த்தாண்டம்:

மக்கா, இவ்வளவு யோசிக்காதே. டிஸ்க்கைச் சொருகு, காப்பி, பேஸ்ட், முடிந்தது. நான் லைட்ரூம் கிளாசிக்தான் வைத்திருக்கிறேன், மாசாமாசம் சந்தா கட்டணும்தான், ஆனால் கல்யாண ஆல்பம் பண்ணுகிறவனுக்கு அதைவிட நல்லது கிடையாது. புதுசாகப் பேர் போட்டுக்கொள்ளலாம், முகத்தை அதுவே கண்டுபிடிக்கும்.

வடசேரிக்காரன்:

மார்த்தாண்டத்து அண்ணன் சொன்னதைக் கேட்டுக் காப்பி பேஸ்ட் பண்ணிவிட்டுப் பழைய டெஸ்க்டாப்பை ஆக்கர் கடையில் போட்டுவிடாதே தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். முகத்தை மென்பொருள் கண்டுபிடிக்கும், அது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? மூவாயிரம் பேரை உங்கள் அப்பாதான் மறுபடி உட்கார்ந்து சொல்லணும். அதில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார்கள்.

நான் இதே வேலையை எங்கள் வீட்டுப் படங்களுக்குப் பண்ணினேன், சின்ன அளவில், 60 ஆயிரம் படம். என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள். பிகாசா பெரும்பாலும் உன் படத்தைத் தொடுவதில்லை. நீ வெட்டினது, நிறம் மாற்றினது, நட்சத்திரம் போட்டது எல்லாவற்றையும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ‘புள்ளி பிகாசா புள்ளி ஐஎன்ஐ’ என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். முகம் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதில்தான். ஆனால் முகத்துக்கு நேரே அது யாருடையது என்று பேர் இருக்காது, ஒரு நீளமான குறியெண்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்தப் பேர் என்கிற முழு அகராதி சி டிரைவில், விண்டோஸ் உன் கணக்குக்கு ஒதுக்கிய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், பிகாசாவின் காண்டாக்ட்ஸ் கோப்பில் இருக்கிறது. நீ பென்டிரைவில் படத்தை மட்டும் எடுத்துப் போனாய், அகராதி பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. அகராதியையும் சேர்த்துக் கொண்டுபோனாலும் பிரயோஜனம் இல்லை, டிஜிகேமுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. கேப்ஷனும் டேகும் மட்டும் தப்பிக்கும், ஏனென்றால் ஜேபெக் படமாக இருந்தால் பிகாசா அவற்றைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். உன் 2013 ஃபோல்டரில் பார், அப்பா கேப்ஷன் எழுதியிருந்தால் அது வந்திருக்கும்.

அதனால் செய்யவேண்டியது என்னவென்றால், வீட்டைக் காலி பண்ணுவதற்கு முன்னால் சாமானை மூட்டை கட்டுகிற மாதிரி, பிகாசா உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் படத்துக்குள் எழுத வைக்கணும். ஆனால் அதற்கும் முன்னால், டிஸ்க் டிக் டிக் என்கிறது என்றாயே, அதுதான் எனக்குப் பயம். அப்படிச் சத்தம் போடுகிற டிஸ்க்கில் எழுதுகிற வேலை ஒன்றும் பண்ணாதே. முதலில் உள்ளது உள்ளபடி ஒரு காப்பி எடு. படங்கள் இருக்கிற டிரைவ் முழுவதும், கூடவே ஆப்டேட்டாவில் கூகுள் என்கிற ஃபோல்டருக்குள் பிகாசா2, பிகாசா2ஆல்பம்ஸ் என்று இருக்கிற இரண்டும். எடுக்கும்போது ஃபோல்டருக்குள்ளே போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எடுக்காதே, வெளியே நின்று பெரிய ஃபோல்டரையே பிடித்து எடு. உள்ளே போய் எடுத்தால் மறைந்திருக்கிற கோப்புகள் கண்ணில் படாது, விட்டுப்போகும். பிகாசாவில் சேமி என்று அமுக்கின படங்களுக்கு அசல் எங்கே போகும் தெரியுமா, ‘பிகாசா ஒரிஜினல்ஸ்’ என்று மறைந்திருக்கிற ஒரு ஃபோல்டருக்கு. அதை விட்டுவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

பழைய டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி 2 மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், துளைக்குள்ளே நீல நிறம் தெரிகிறதா பார், தெரிந்தால் 3. யுஎஸ்பி 2-ல் வினாடிக்கு 30 எம்பி கிடைத்தால் அதிகம், 1.3 டிபிக்கு 12 மணி நேரம் ஆகும், குட்டிக் கோப்புகள் நிறைய என்பதால் இன்னும் இழுக்கும். யுஎஸ்பி 3 ஆக இருந்தால் சாதாரண டிஸ்க்கே வினாடிக்கு 100 எம்பி போகும், நாலு மணி நேரத்துக்குள் வேலை முடியும். என்னைக் கேட்டால் கடையில் சொல்லி அந்த உள் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா டாக் (கழற்றின டிஸ்க்கை யுஎஸ்பியில் சொருக உதவுகிற பெட்டி) ஒன்றில் வைத்துப் புதுக் கம்ப்யூட்டரில் சொருகி எடுப்பேன். சாகக் கிடக்கிற டிஸ்க்கை 12 மணி நேரம் ஓடவிடுவதைவிட 4 மணி நேரம் ஓடவிடுவது மேல்.

அந்த முதல் காப்பியை எடுத்து பீரோவில் வை, தொடாதே. அப்புறம் நல்ல டிஸ்க் ஒன்றை அதே டெஸ்க்டாப்பில் மாட்டி, அதே டிரைவ் எழுத்தைக் கொடுத்து, அதில்தான் மீதி வேலை. டிரைவ் எழுத்து முக்கியம், படம் டி டிரைவில் இருந்தது என்றுதான் பிகாசா ஞாபகம் வைத்திருக்கிறது, அது ஈ ஆகிவிட்டால் எல்லாம் புதுப் படம் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பேர் எழுதுவதற்கு பிகாசா 3.9-ல் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் நேம் டேக்ஸ் என்று ஒரு பக்கம், படத்திலேயே பேரைச் சேமி என்று ஒரு கட்டம், அதை டிக் பண்ணு. இது இனிமேல் போடுகிற பேருக்கு. ஏற்கெனவே போட்ட பேருக்கு டூல்ஸில் எக்ஸ்பெரிமென்டல் என்று ஒரு உள்மெனு, அதில் முகங்களை எக்ஸ்எம்பியில் (படக் கோப்புக்குள்ளேயே விவரம் எழுதி வைக்கிற பொதுவான முறை) எழுது என்று ஒன்று உண்டு. அதை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போ, ஒரு டீ போதாது, ராத்திரி முழுக்க ஓடும்.

நட்சத்திரத்துக்கு நேர்வழி கிடையாது, சுற்றுவழி உண்டு. மேலே நட்சத்திரப் படங்களை மட்டும் காட்டு என்று ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கு, வந்ததையெல்லாம் தேர்ந்தெடு, ‘நட்சத்திரம்’ என்று ஒரு டேக் போடு. டேக் படத்துக்குள் போய்விடும், டிஜிகேமில் அந்த டேகைத் தேடி எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் தீர்ந்தது. அப்பா ஆல்பம் என்று தனியாகச் சேர்த்து வைத்திருந்தால் அதற்கும் இதே வித்தைதான், ஆல்பம் பேரையே டேகாகப் போட்டுவிடு. வெட்டித் திருத்தின படங்களுக்குப் பிகாசாவில் சேமி அமுக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அசல் அந்த மறைந்த ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும்.

ரா கோப்புகள் (கேமரா ஜேபெக் ஆக்காமல் அப்படியே பதிந்தவை) இருந்தால் இந்தக் கதையில் சேராது, பிகாசா அதற்குள் எழுதாது. எத்தனை இருக்கிறது என்று சொல், பார்க்கலாம்.

கேமரா கிறுக்கன், மார்த்தாண்டம்:

சரி சரி, தப்புதான், தம்பி ஸ்டூடியோ என்றதும் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் லைட்ரூமை வாசலிலேயே நிறுத்தவேண்டாம். எக்ஸ்எம்பியில் எழுதின முகங்களை அதுவும் வாசிக்கும். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், அங்கேயும் இதே சிக்கல் உண்டு. லைட்ரூம் கேட்டலாக் என்பது படம் இல்லை, படத்தைப் பற்றிய கணக்கு நோட்டு. நட்சத்திரமும் நிற லேபிலும் கீவேர்டும் சொன்னால் கோப்பில் எழுதும், கலெக்‌ஷனில் சேர்த்தது அந்த நோட்டிலேயே தங்கிவிடும். போன வருஷம் டிஸ்க் மாற்றும்போது டிரைவ் எழுத்து மாறி, எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி வந்து நின்றது, எனக்கு உயிரே போய்விட்டது. கடைசியில் ஃபோல்டர் பேரில் வலது கிளிக் பண்ணி, காணாமல்போன ஃபோல்டர் இங்கே இருக்கிறது என்று காட்டினதும் சரியானது. ஆக ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குப் போகிறாய் என்று தெரிந்துகொண்டே போ.

குளச்சல் கடல்காற்று:

அந்த மாயத்துக்குப் பதில் நான் சொல்கிறேன் தம்பி, நானும் இதில் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். உன் அக்கா அடுக்கின ஃபோல்டர்களில் எது தேடினால் வரவில்லை என்று பார். கோட்டாறு, தோவாளை, கொல்லங்கோடு, நாகர்கோவில் வராது. சுசீந்திரம், பத்மநாபபுரம், கன்னியாகுமரி வரும். சரியா?

காரணம் கொம்பும் காலும். யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்று ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். விண்டோஸில் நாம் அடித்தால் பெரும்பாலும் ஒரே குறியாக வரும். மேக்கில் அந்தக் காலத்து ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் அமைப்பு ஃபோல்டர் பேரை வாங்கினதும் கொம்பையும் காலையும் பிரித்துத்தான் வைக்கும், 2017-ல் ஏபிஎஃப்எஸ் என்கிற புது அமைப்பு வருகிற வரைக்கும் எல்லா மேக்கிலும் அதுதான். ஜிப் பண்ணினால் பிரித்தது பிரித்தபடியே விண்டோஸுக்கு வந்துவிடும், விண்டோஸுக்கு அது வேற பேர். ஒரே இடத்தில் ‘தோவாளை’, ‘தோவாளை’ என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அதுவும் சண்டை போடாமல். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற பேருக்கு மட்டும்தான் இந்த வியாதி, அதனால்தான் சுசீந்திரம் பிழைத்தது.

மருந்து எளிது. அந்தப் பேரை விண்டோஸில் முழுக்க அழித்துவிட்டுத் திரும்பத் தட்டச்சு பண்ணு. எடுத்து ஒட்டாதே, கையால் அடி. ஃபோல்டர் பேர் சில டஜன்தானே இருக்கும். ஆனால் இதைப் பிகாசாவில் பேரெல்லாம் எழுதி முடித்து, டிஜிகேமில் சேர்ப்பதற்கு நடுவில் பண்ணு. டிஜிகேமில் சேர்த்த பிறகு வெளியே போய் ஃபோல்டர் பேரை மாற்றினால் அது வேற ஃபோல்டர் என்று நினைத்துக்கொள்ளும். ஆட்களின் பேரையும் பார்த்துவிடு, ஒரே கோபால் இரண்டு கோபாலாக நிற்பார்.

அப்புறம் டிஸ்க்கை எப்படி ஃபார்மேட் பண்ணப் போகிறாய்? அக்கா மேக்கிலும் சொருகிப் பார்க்கணும் என்றால் எக்ஸ்ஃபேட் வை, இரண்டிலும் எழுதலாம். என்டிஎஃப்எஸ் வைத்தால் மேக் வாசிக்க மட்டும் செய்யும்.

குழித்துறை அண்ணாச்சி:

குளச்சல் தங்கச்சி சொன்ன கொம்பு-கால் விஷயம் 35 வருஷமாகத் தொழில் பண்ணுகிற எனக்கே புதுசு, நன்றி. ஆனால் எக்ஸ்ஃபேட் வேண்டாம் தம்பி, நான் பட்டவன்.

2017 நவம்பர் 29 ராத்திரி ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி ஓடவிட்டுப் படுத்தேன். ஒக்கி புயல் வருகிறது என்று எனக்கு யார் சொன்னது. 30-ஆம் தேதி விடிகிற நேரம் காற்று, ரப்பர் மரம் எல்லாம் தீப்பெட்டிக் குச்சி மாதிரி முறிந்து விழுகிறது, கரண்ட் போயாச்சு. யுபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவும் படுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கரண்ட் வரவே பல நாள் ஆனது. வந்த பிறகு டிஸ்க்கைச் சொருகினால், இதை ஃபார்மேட் பண்ணட்டுமா என்று கேட்கிறது. அது எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும், நடுவில் கரண்ட் போனாலும் அதை வைத்துத் தன்னைச் சரிபண்ணிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு கிடையாது. அக்காவுக்கு என்று தனியாக ஒரு பென்டிரைவில் எக்ஸ்ஃபேட் வைத்துக் கொடு. தாய் டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். நல்லவேளை, எனக்கு மூல டிஸ்க் தப்பியது, அதனால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இடி இருக்கிறதே, அதுதான் நம் ஊருக்கு முதல் எதிரி. ஐப்பசி மழையில் சாயங்காலம் மூன்று மணிக்கு வேளிமலைப் பக்கம் கறுத்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடு. ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதே, பிளக்கையே பிடுங்கு, இன்டர்நெட் வயரையும் பிடுங்கு. தெரிந்த பையன் ஒருத்தனுக்கு இடி கேபிள் வழியாக வந்து மதர்போர்டு போனது, அதில் பேக்கப் டிஸ்க்கும் சொருகியே இருந்தது, இரண்டும் ஒன்றாகப் போனது. எப்போதும் சொருகியே வைத்திருக்கிற பேக்கப் எதற்கு ஆகும். 4 டிபி ஒன்று வாங்கினாய் என்கிறாய், அதே மாதிரி இன்னொன்றும் வாங்கி, ஒன்றை ஸ்டூடியோவிலும் ஒன்றை வேறு வீட்டிலும் வை. கடல்காற்றுக்கும் ஈரத்துக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது, டிஸ்க்கையும் லென்ஸ் வைக்கிற டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு வை, செலவு ஒன்றுமில்லை.

காப்பி முடிந்தது என்று திரையில் வந்தால் நம்பாதே. வலது கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸில் கோப்பு எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் உள்ளே ஓட்டை இருக்கலாம். ஃப்ரீஃபைல்சிங்க் என்கிற மென்பொருளில் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடு என்று ஒரு வழி உண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பைட்டாக வாசித்துப் பார்க்கும், ரொம்ப நேரம் ஆகும், ஆகட்டும். எடுக்கும்போதே சரிபார்த்துக்கொண்டு போகணும் என்றால் டெராகாப்பி என்கிற மென்பொருள் இருக்கிறது.

தக்கலை ஸ்டூடியோ பையன்:

குளச்சல் அக்கா, நீங்கள் சொன்ன பட்டியல் அப்படியே சரி. கோட்டாறு வரவில்லை, சுசீந்திரம் வருகிறது. என் அக்காவிடம் போனில் சொன்னேன், “அப்போ தப்பு என்மேல இல்ல, கொம்புமேலதான்”னு சிரிக்கிறாள்.

வடசேரி அண்ணா, உள்ளது உள்ளபடி காப்பி எடுத்தாச்சு. டிஸ்க்கைக் கழற்றி டாக்கில் வைத்துத்தான் எடுத்தேன், 5 மணி நேரம் ஆனது, அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருக்கிற மாதிரி. ஒரே ஒரு ஃபோல்டரில் 14 படம் வாசிக்க முடியவில்லை என்று வந்தது, மற்றதெல்லாம் வந்துவிட்டது. அந்த 14-ம் அதிர்ஷ்டவசமாக ஒருத்தர் ஆல்பத்துக்கு என்று டிவிடியில் போட்டுக் கொடுத்தது, டிவிடியைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

முகங்களை எக்ஸ்எம்பியில் எழுதவைத்து, அதே 2013 கல்யாண ஃபோல்டரை மறுபடி டிஜிகேமில் திறந்தேன். பேர் வந்துவிட்டது! முகத்தைச் சுற்றிக் கட்டமும் சரியான இடத்தில். அப்பா முதலில் தேடினது எங்கள் பாட்டி பேரை.

இரண்டு சந்தேகம். பழைய ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் பண்ணின ஒரு ஆறாயிரம் படம் இருக்கிறது, 70-கள், 80-கள். டிஜிகேம் அதையெல்லாம் ஸ்கேன் பண்ணின 2011-ல் கொண்டுபோய் நிறுத்துகிறது. தாத்தா கல்யாணமும் மாமா மகள் பூப்புனித நீராட்டும் ஒரே மாசத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. அடுத்தது, வாட்சப்பில் வந்த படங்கள். அதில் தேதியே இல்லை, காப்பி எடுத்த நாளைக் காட்டுகிறது. ரா கோப்பு ஐந்நூறுதான் இருக்கும், அதற்கு நானே கையால் பேர் போட்டுக்கொள்கிறேன்.

வடசேரிக்காரன்:

படத்துக்குள் எக்ஸிஃப் தேதி என்று ஒன்று இருக்கும், கேமரா எழுதுவது. அதை எத்தனை தடவை காப்பி எடுத்தாலும் மாறாது. அது இல்லாத படத்துக்குத்தான் மென்பொருள் கோப்பின் தேதியைப் பார்க்கும், கோப்பின் தேதி நாம் தொடத்தொட மாறும். வாட்சப் அனுப்பும்போது எக்ஸிஃபை உரித்துவிடுகிறது. ஆனால் ஆண்ட்ராய்டிலிருந்து எடுத்தாய் என்றால் கோப்பின் பேரிலேயே தேதி இருக்கும், 20180412 என்று வருஷம் மாசம் நாள் வரிசையில், அது அனுப்பின நாள், எடுத்த நாள் இல்லைதான், ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது தேவலை. டிஜிகேமில் தேதி திருத்துகிற கருவி உண்டு, கோப்புப் பேரிலிருந்தே தேதியை எடுத்துக்கொள் என்று சொல்லலாம். கட்டளை அடிக்கத் தெரிந்தால் எக்ஸிஃப்டூல் இன்னும் வேகம். ஒரு ஃபோல்டரில் பழகிவிட்டு மற்றதில் கை வை.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். டிஜிகேமில் அழித்தால் படம் உண்மையிலேயே டிஸ்க்கிலிருந்து போகும், அதனுடைய குப்பைத்தொட்டிக்கு. பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கிறது என்று நினைத்து அழித்துவிடாதே, அப்பாவுக்கும் சொல்லி வை. அப்புறம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சேர்க்கும்போது, கழற்றக்கூடிய டிஸ்க்கில் இருக்கிற தொகுப்பு என்கிற இடத்தில் சேர். அப்போது டிஸ்க்கைப் பிடுங்கியிருக்கும்போது படம் காணவில்லை என்று அது பதறாது. டேட்டாபேஸ் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற எஸ்எஸ்டியில் இருக்கட்டும், அதை எக்ஸ்டர்னலில் வைத்தால் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும்.

குழித்துறை அண்ணாச்சி:

ஸ்கேன் படத்துக்கு நான் பண்ணுகிறதைச் சொல்கிறேன். பின்பக்கம் பார்த்தாயா? பழைய பிரிண்டில் ஸ்டூடியோ முத்திரையும் நாளும் குத்தியிருப்போம், நானே எத்தனை ஆயிரம் குத்தியிருப்பேன். அது இல்லை என்றால் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள். வருஷம் சொல்ல மாட்டார்கள், மூத்தவன் பிறந்த வருஷம், மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டி முடித்த சமயம் என்று சொல்வார்கள், பாலம் 1966 என்று உனக்குத் தெரியுமே, பக்கத்தில் போட்டுவிடலாம். வருஷம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று போடு, நம் வீட்டில் எல்லாம் ஜனவரி 1 என்றால் ‘நாள் தெரியாது’ என்று அர்த்தம். கேப்ஷனில் யார் சொன்னது என்பதையும் எழுதி வை, நாளைக்கு இரண்டு சித்தப்பாக்கள் சண்டை போடும்போது உதவும்.

கேமரா கடிகாரம் தப்பாக இருந்த படங்களும் இருக்கும், பேட்டரி செத்து உயிர்பெற்றால் அது ஏதாவது ஒரு ஜனவரி 1-க்குப் போய்விடும். அதற்கும் அந்தத் தேதிக் கருவியிலேயே இத்தனை நாள் தள்ளு என்று சொல்லலாம். ஆனால் நிஜ ஜனவரி 1 ஒன்றும் இருக்கிறது, 2000-ல் வள்ளுவர் சிலை திறந்த அன்றைக்கு எடுத்த படங்கள். அதைத் தள்ளிவிடாதே. உங்கள் அப்பாவும் அன்றைக்குக் கன்னியாகுமரியில் நின்றிருப்பார், கேள்.

தக்கலை ஸ்டூடியோ பையன்:

கேட்டேன் அண்ணாச்சி. நின்றிருக்கிறார், மூன்று ரோல் எடுத்தாராம், நெகட்டிவ் பரணில் இருக்கிறதாம். அதை இப்போது ஸ்கேன் பண்ணணும் என்று ஆரம்பித்துவிட்டார்.

நிலவரம் இதுதான். என்டிஎஃப்எஸ்தான் வைத்தேன், இரண்டாவது டிஸ்க்கும் வாங்கியாச்சு, மார்த்தாண்டத்தில் அத்தை வீட்டுக்குப் போகப்போகிறது. நட்சத்திரம், ஆல்பம் எல்லாம் டேகாக மாற்றி முடித்தேன். கொம்பு-கால் ஃபோல்டர் 41 இருந்தது, அதில் ஆறு இரட்டை, கையால் அடித்துச் சரிபண்ணிவிட்டேன். இப்போது ஃப்ரீஃபைல்சிங்க் உள்ளடக்க ஒப்பீடு ஓடிக்கொண்டிருக்கிறது, பாதி தாண்டிவிட்டது, இதுவரை ஒரு வித்தியாசமும் இல்லை.

பழைய டெஸ்க்டாப்பை விற்க விடமாட்டேன் என்கிறார் அப்பா. நேற்று ராத்திரி ஒருத்தர் வந்தார், அவருடைய அம்மா தவறிவிட்டார்கள். அப்பா புதுக் கம்ப்யூட்டரில் பேரை அடித்தார், 2009 புதுநன்மைப் படம் ஒன்று வந்தது, பேரனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கொடுத்தனுப்பிவிட்டு, அவர் போன பிறகு பழையதையும் போட்டு அதே பேரைத் தேடி, அதே படம்தானா என்று பார்த்துக்கொண்டார்.

குழித்துறை அண்ணாச்சி:

பார்க்கட்டும், விடு. தம்பி, எங்கள் பக்கம் இப்போது வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, உங்கள் பக்கம் எப்படி? ஒப்பீட்டை நிறுத்து, நாளைக்கு ஓட்டலாம்.

தக்கலை ஸ்டூடியோ பையன்:

இடிக்கிறது அண்ணாச்சி. பிளக்கைப் பிடுங்கியாச்சு, போனிலிருந்து எழுதுகிறேன்.